என்றால்... இல்லையெனில்...

(பத்தாம் வகுப்பு மாணவி)



காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது, "வானம் இருட்டியிருந்தால் குடையை எடுத்துக்கொள், இல்லையென்றால் வேண்டாம்" என்று அம்மா சொல்கிறார். நாமும் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அவ்வாறே செய்கிறோம். இச்சிறு வாக்கியத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அது நிறைவேறினால் ஒரு செயல், நிறைவேறாவிட்டால் வேறொரு செயல். கணினிக்கு எழுதும் நிரலில் இதுவே 'நிபந்தனைக் கூற்று' எனப்படும். பைத்தான் மொழியில் இதனை 'இஃப்', 'எல்ஸ்' என்னும் சொற்களால் எழுதுவர். 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியில் 'ஆனால்', 'இல்லை' என்று தமிழிலேயே எழுதலாம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வானம் பாதி இருட்டியிருந்தால் நாம் சற்று யோசித்து முடிவு செய்வோம். கணினிக்கு அந்த யோசனை கிடையாது. அதற்குத் தெரிந்த விடைகள் 'உண்மை', 'பொய்' என்னும் இரண்டே. இவ்விரண்டையும் கொண்டு கணக்கைப் போலவே தருக்கம் செய்யலாம் என்று 1854-ஆம் ஆண்டு தம் நூலில் விளக்கியவர் ஜார்ஜ் பூல் என்னும் அறிஞர். அதனால்தான் இவற்றைப் 'பூலியன்' மதிப்புகள் என்கிறோம்.

இனி, நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். கணினி வகுப்பில் தேர்வு முடிவு சொல்லும் நிரல் ஒன்றை இவ்வாறு எழுதினேன்:

மதிப்பெண் > 35 என்றால்
'தேர்ச்சி' என அச்சிடு
இல்லையெனில்
'தோல்வி' என அச்சிடு

தோழியர் ஒவ்வொருவராக வந்து தம் மதிப்பெண்ணைத் தட்டிப் பார்த்து மகிழ்ந்தனர். கணக்கென்றாலே நடுங்கும் தோழி ஒருத்தி, அரையாண்டுத் தேர்வில் தான் பெற்ற 35-ஐத் தட்டினாள். திரையில் 'தோல்வி' என்று வந்தது! இரவெல்லாம் படித்துத் தேறியவள் அவள். அவள் முகம் வாடிவிட்டது.

"கணினி தப்பாகச் சொல்லிவிட்டது, சிஸ்டர்" என்றேன்.

"உன் நிரலை உரக்கப் படி, பார்ப்போம்" என்றார் சிஸ்டர்.

"மதிப்பெண் முப்பத்தைந்தை விட அதிகம் என்றால்..." என்று படிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. முப்பத்தைந்து, முப்பத்தைந்தை விட அதிகம் அல்லவே! தவறு கணினியுடையதன்று, என்னுடையது. '>' என்பதை '>=' என்று மாற்றினேன். இதற்கு 'அதிகம் அல்லது சமம்' என்று பொருள். அவள் மீண்டும் தட்டினாள். 'தேர்ச்சி' என்று வந்தது.

அன்று நான் கற்றவற்றை, புதிதாக நிரல் எழுதும் தோழியருக்காகத் தருகிறேன்.

1. எல்லையைச் சோதியுங்கள். நிரலுக்கு 80, 20 என்று கொடுத்துப் பார்த்தால் போதாது. 34, 35, 36 ஆகிய மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். பிழை பெரும்பாலும் எல்லையில்தான் ஒளிந்திருக்கும்.

2. வரிசையைக் கவனியுங்கள். 90-க்கு 'மிகச் சிறப்பு', 60-க்கு 'நன்று', 35-க்கு 'தேர்ச்சி' என்று பல நிபந்தனைகளை அடுக்குவதற்குப் பைத்தானில் 'எலிஃப்' என்னும் சொல் உண்டு. கணினி மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் உண்மையாகும் நிபந்தனையோடு நின்றுவிடும். 'மதிப்பெண் >= 35' என்பதை முதலில் வைத்தால், 95 பெற்றவளுக்கும் வெறும் 'தேர்ச்சி' தான்! ஆகவே பெரிய எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

3. 'மற்றும்', 'அல்லது' ஆகியவற்றைக் குழப்பாதீர்கள். ஐந்து பாடங்களிலும் 35 பெற்றால்தான் தேர்ச்சி என்றால், ஐந்து நிபந்தனைகளையும் 'மற்றும்' கொண்டு இணைக்கவேண்டும். 'அல்லது' போட்டுவிட்டால், ஒரே பாடத்தில் தேறியவளும் முழுத்தேர்ச்சி பெற்றுவிடுவாள். நமக்கு மகிழ்ச்சியாக இருக்கலாம், ஆனால் அது நியாயமாகாது!

4. சமக்குறி ஒன்றா, இரண்டா? பைத்தானில் '=' என்பது ஒரு பெயருக்கு மதிப்பைத் தருவது. '==' என்பதே இரண்டும் சமமா என்று கேட்பது. நிபந்தனையில் வரவேண்டியது இரண்டாவது.

சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட கணிப்பொறியைப் பற்றி 1843-இல் குறிப்புகள் எழுதியவர் ஏடா லவ்லேஸ் என்னும் பெண்மணி. அப்பொறி தானாக எதையும் படைக்காது, நாம் கட்டளையிட அறிந்ததையே செய்யும் என்று அன்றே அவர் உணர்த்தினார். அக்கருத்தின் பொருள் என் தோழியின் வாடிய முகத்தைக் கண்டபோதுதான் எனக்கு விளங்கியது.

நாளை நம்முள் ஒருத்தி எழுதும் நிரல், உதவித்தொகை யாருக்கு, கல்லூரியில் இடம் யாருக்கு என்று தீர்மானிக்கலாம். அப்போது நாம் விடும் ஒரு சிறு குறி, தகுதியுள்ள ஒருவரை வெளியே நிறுத்திவிடும். எனவே தோழியரே, நிபந்தனை எழுதும்போதெல்லாம், அந்த எல்லைக்கோட்டின் மேலேயே ஒருத்தி நிற்கிறாள் என்று எண்ணி எழுதுவோம். எழுதியபின் ஒருமுறை உரக்கப் படித்தும் பார்ப்போம்!