கருப்பொருள் காணும் பயணங்கள்

தமிழிலக்கியம் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் முதல், கரு, உரி என்னும் மூன்றையும் முதலாண்டிலேயே மனனம் செய்துவிடுகின்றனர். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் எனக் கருப்பொருளை வரிசை பிறழாமல் ஒப்பிப்போர்க்குத் தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. நெய்தலுக்குப் புன்னையும் கண்டலும், முல்லைக்கு மானும் முயலும், குறிஞ்சிக்கு யானையும் புலியும் என்று விடைத்தாளில் எழுதும் மாணவர் அவற்றுள் எத்தனையைக் கண்டிருப்பர்? மாணவரை விடுவோம். எழுதக் கற்பிக்கும் நாம் எத்தனையைக் கண்டிருக்கிறோம்? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

கல்லூரிச் சுற்றுலா என்றால் பேருந்தில் ஒலிபெருக்கியும், வழியெல்லாம் பாட்டும், இறங்கிய இடத்தில் புகைப்படமும் என்றாகிவிட்டது. அதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. இளமைக்கு அதுவும் வேண்டும். ஆயினும் நம் துறை மாணவர்களோடு கோடியக்கரைக்கும் முதுமலைக்கும் சென்றபோது ஒலிபெருக்கியை எல்லைக்கு வெளியே நிறுத்திவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்தோம். ஒன்று கடலோரம், மற்றொன்று மலைக்காடு. இரண்டிலும் நாம் கற்றவை பல, நாணியவையும் சில.

சரணாலயமும் தேசியப் பூங்காவும்

இவ்விரு சொற்களையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் வேறுபடுத்துகிறது. சரணாலயத்தில் அங்குள்ள மக்களுக்குச் சில உரிமைகள் அனுமதியுடன் தொடரலாம். தேசியப் பூங்காவில் கால்நடை மேய்ச்சலுக்கும் இடமில்லை. சென்னை மாநகருக்குள்ளேயே இருக்கும் கிண்டி 1978இல் தேசியப் பூங்காவானது. அதன் பரப்பு மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டன. அண்மையில், 2022இல், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுவுக்கெனக் காப்பிடமாக ஒதுக்கப்பட்டுள்ளது. அதிராம்பட்டினத்திலிருந்தும் மல்லிப்பட்டினத்திலிருந்தும் நம் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் இதனை அறிந்திருத்தல் நலம். அது அவர்களுடைய வீட்டுக் கொல்லை.

சரணாலயம் என்னும் சொல்லில் உள்ள ‘சரண்’ கருதத்தக்கது. அடைக்கலம் புகுந்ததை அழிக்கலாகாது என்பது அதன் உட்பொருள். மக்காவின் புனித எல்லைக்குள் வேட்டை விலக்கப்பட்டிருப்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். ஆகவே அச்சொல் நமக்குப் புதிதாயினும் அதன் கருத்து புதிதன்று.

கோடியக்கரையில்

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், வங்கக்கடலும் பாக் நீரிணையும் கூடும் முனையில் அமைந்தது கோடியக்கரை. ‘கோடி’ என்னும் சொல்லே நிலத்தின் முடிவைக் காட்டிவிடுகிறது. 1967இல் இது சரணாலயமாயிற்று. வெளிமானைக் காப்பதே முதல் நோக்கம். பறவைகளால் வந்த புகழ் பின்னர் அதனை மிஞ்சிவிட்டது. 2002இல் முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளையும் சேர்த்துப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக இது ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

நாம் சென்றது ஒரு தை மாதம். பேருந்திலிருந்து இறங்கியதும் மாணவியர் கேட்ட முதற்கேள்வி பூங்குழலி படகோட்டிய இடம் எது என்பதுதான். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இவ்வூருக்குத் தந்த புகழ் அத்தகையது. சோழர் காலத்தது எனக் கூறப்படும் பழைய கலங்கரை விளக்கம் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் சிதைந்துவிட்டது என்றதும் அவர்கள் முகம் வாடிற்று. வேதாரண்யத்து உப்பளங்களைக் கடந்துதான் அங்குச் செல்ல வேண்டும். 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தோர் உப்பெடுத்த மண் அது. அந்த உப்பு நீரே பறவைகளுக்கும் இரை தருவது என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் எமக்கு வழிகாட்டினார். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர், காட்டைப் படித்தவர். காலைப் பனி விலகாத புல்வெளியில் கையால் அமைதி காட்டி எம்மை நிறுத்தினார். சற்றுத் தொலைவில் ஓர் ஆண் வெளிமான் தலை நிமிர்ந்து நின்றது. முதுகு கருமை, வயிறு வெண்மை. அதன் கொம்புகள் இரண்டும் கயிறு திரித்தாற்போல் மூன்று, நான்கு சுற்று முறுக்கி மேலெழுந்திருந்தன.

இங்கே ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். சங்க இலக்கியத்தில் முல்லைப் பாடல்களில் வரும் ‘இரலை’ என்னும் மானுக்கு, அதன் கொம்பின் திரிந்த வடிவத்தைக் குறிக்கும் அடைமொழி ஒன்று உண்டு. பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் அதனை விளக்கும்போது கரும்பலகையில் நாம் வரைந்து காட்டியது கிளை கிளையாகப் பிரிந்த கொம்பை! அது புள்ளிமானின் கொம்பு. திரிதல் என்பதற்கு முறுகுதல் என்னும் பொருள் அகராதியில் இருக்கிறது, உரையிலும் இருக்கிறது. இருந்தும் கண்ணில் பதிந்திருந்தது சுவரொட்டியில் பார்த்த மான் மட்டுமே. அந்தப் புல்வெளியில் நின்றபோது, நம்மிடம் பயின்று இன்று ஆசிரியராய் இருக்கும் எத்தனை பேர் அதே கிளைக்கொம்பைத் தம் கரும்பலகையில் வரைந்துகொண்டிருப்பார்களோ என்னும் எண்ணம் எழுந்தது. அவர்களுள் எவரேனும் இம்மலரைப் படிக்க நேர்ந்தால் திருத்திக்கொள்வார்களாக.

காவலர் மேலும் சொன்னார்: “சார், இதுல கலைக்குத்தான் கொம்பு. பெட்டைக்குக் கிடையாது. புள்ளிமான் கொம்பு வருசத்துக்கு ஒரு தடவை விழுந்து முளைக்கும். இது விழாது; ஆயுசுக்கும் ஒண்ணுதான்.” நூலில் பல பக்கம் தேடினும் இத்துணைச் சுருக்கமாகக் கிடைத்திராது. மாணவர் ஒருவர் அதனை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அப்புல்வெளிக்கு இன்று பகை உண்டு. சீமைக் கருவேலம் பரவி வெளியை அடைத்துவிடுகிறது. அதன் நெற்றைத் தின்னும் விலங்குகளே விதையைச் சாணத்தோடு பரப்பிவிடுகின்றன. வெளிமானுக்குத் தப்பி ஓட வெளி வேண்டும். பெயரே அதனைச் சொல்கிறது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கரை கடந்த கஜா புயலில் இக்காட்டு மரங்கள் முறிந்தன. மான்கள் பல மாண்டன. நாம் சென்றபோதும் மொட்டையாய் நின்ற மரங்களைக் கண்டோம்.

புள்ளும் நிலமும்

மாலையில் சதுப்பு நிலத்துக்குச் சென்றோம். தொலைவில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு தெரிந்தது. தொலைநோக்கி ஒன்றே இருந்ததால் முறைவைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அக்கோடு பூநாரைகளின் கூட்டம். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் செலுத்தி, நீரை வடிகட்டி உண்ணும் பறவை அது. உண்ணும் பாசியிலும் நுண்ணுயிரிலும் உள்ள நிறப்பொருளே அதன் சிறகுக்குச் சிவப்பைத் தருகிறது. சேற்றோரத்தில் ஓடியும் நின்றும் கொத்தித் திரிந்த சிறு பறவைகளைக் காவலர் ‘உள்ளான்’ என்றார். கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், கூழைக்கடா, ஆலா என்று அவர் பெயர்களை அடுக்கியபோது, உருவத்தைக் கண்டு மக்கள் வைத்த அப்பெயர்களின் தமிழழகில் மாணவர்கள் மயங்கினர். இவற்றுள் பல பறவைகள் இமயத்துக்கு அப்பாலுள்ள குளிர்நாடுகளிலிருந்து ஐப்பசி வாக்கில் வந்து, பங்குனிக்குள் திரும்புபவை.

அப்போதுதான் முதுகலை மாணவர் ஒருவர் கேட்டார்: “ஐயா, சைபீரியப் பறவையை நெய்தற் கருப்பொருள் எனலாமா?”

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆனால் தொல்காப்பியர் இதனை எண்ணிப் பார்த்திருக்கிறார். எந்த நிலத்துக்குரிய பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தி வாராவிடினும், அவை வந்த நிலத்துக்குரியனவாகவே கொள்ளப்படும் என்பது அகத்திணையியல் நூற்பா ஒன்றின் கருத்து. இந்நூற்பாவை நாம் அதுவரை புலவர்க்குத் தரப்பட்ட சலுகை என்றே கற்பித்து வந்தோம். நிலம் மாறி ஒரு பூவைப் பாடிவிட்டால் குற்றமில்லை என்னும் அளவில் விளக்கி முடித்துவிடுவோம். சதுப்பின் கரையில் நின்று நினைத்தபோது, எல்லை கடந்து வரும் பறவையைக் கண்ணாரக் கண்ட ஒருவர் வகுத்த விதியாகவே அது தோன்றிற்று. இது நம் கருத்து, மறுப்போர் இருக்கலாம். எனினும் நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவர், அது குமரியில் நீராடி வடதிசைக்குத் திரும்பும் வழியைச் சொல்லியிருப்பதையும் உடன் வைத்து எண்ணுதல் வேண்டும். வலசை நம் புலவர் அறியாததன்று.

மற்றொரு சிக்கலும் எழுந்தது. நூற்பா பூவையும் புள்ளையும் சொல்கிறதே அன்றி விலங்கைச் சொல்லவில்லை. முல்லைக்குரிய இரலை கடலோரத்தில் நிற்பதை எவ்வாறு கொள்வது? நாம் கண்ட விடை எளியது. நெய்தலின் நடுவே ஒரு துண்டு முல்லை இருக்கிறது. நூறடி நடந்தால் மணல், அடுத்து உவர்ச்சேறு, அப்பால் புல்வெளி, அதற்கப்பால் பாலை மரங்கள் அடர்ந்த காடு. நிலத்தை வண்ணப்படம் போல் ஐந்தாகக் கிழித்து வைத்துக் கற்பிப்பதே நம் குறை.

பறவை என்றதும் சலீம் அலியைச் சொல்லாமல் போக முடியாது. 1896இல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, பெற்றோரை இழந்து, மாமன் அமீருத்தீன் தியாப்ஜியின் வீட்டில் வளர்ந்தவர். சிறுவயதில் தாம் சுட்ட குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு, இதனை ஒரு முஸ்லிம் உண்ணலாமா என்னும் ஐயத்துடன் மாமனிடம் கொண்டுசென்றார். மாமனுக்கும் தெரியவில்லை. அவர் சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே மில்லார்ட் என்னும் செயலர் பேழைகளைத் திறந்து, பாடம் செய்யப்பட்ட நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். ஓர் ஐயம் ஒரு வாழ்க்கையாயிற்று. 1976இல் பத்மவிபூஷண் பெற்று 1987இல் மறைந்த அவர் தம் தன்வரலாற்றுக்கு இட்ட பெயரும் அக்குருவியைச் சார்ந்ததே. அவர் சார்ந்திருந்த கழகத்தார் கோடியக்கரையில் பறவைகளின் காலில் வளையமிட்டு விடுவித்து, வலசையை ஆராய்ந்து வருகின்றனர். ‘ஏன்’ என்று கேட்ட பிள்ளையை அதட்டாமல் விடை தெரிந்த இடத்துக்கு அனுப்பிய அந்த மாமனையும் நம் பெற்றோர்கள் நினைக்க வேண்டும் என்பது நம் ஆசை.

முதுமலையில்

முதுமலைக்கு நாம் சென்றது அடுத்த ஆண்டில். 1940இல் சரணாலயமாகத் தொடங்கிய இது 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. ஒருபுறம் கருநாடகத்துப் பந்திப்பூர், மறுபுறம் கேரளத்து வயநாடு. யானைக்கு மாநில எல்லை தெரியாது. பந்திப்பூர்க் காட்டுவழி நெடுஞ்சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இது பயணிகளுக்கு இடையூறு என்பார் உண்டு. இரவில் சாலை கடக்கும் விலங்கு எவரிடம் முறையிடும்?

கோடியக்கரையில் நடந்ததுபோல் இங்கு நடக்க முடியாது. வனத்துறை ஊர்தியில், குறித்த வழியில், குறித்த நேரத்தில் மட்டுமே செல்லலாம். எம் ஊர்திக்கு முன் சென்ற ஒன்றில் எவரோ வாழைப்பழத்தைக் குரங்குக்கு வீச, ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் கண்டித்தார். கையேந்தப் பழகிய குரங்கு காட்டில் இரை தேட மறந்து சாலையில் அடிபட்டுச் சாகும் என்றார். புலியைக் காணவில்லை. காணாதது குறித்து மாணவர்களுக்கு வருத்தம், நமக்கு இல்லை. புலி இருக்கிறது என்பதற்கு அடர்காட்டின் அமைதியே போதும். யானைகளைக் கண்டோம். மாயாற்றங்கரையில் மூன்று பெரியவை, இடையே ஒரு கன்று. குட்டியை நடுவில் விட்டுச் செல்லும் அவ்வொழுங்கைக் கண்டு பேருந்தில் வாயாடும் மாணவர்களும் வாய்மூடியிருந்தனர்.

தெப்பக்காட்டில், யானை முகாமுக்கு அருகே, பட்டையில் பழைய வெட்டுத் தழும்புள்ள ஒரு மரம் நின்றது. தழும்பில் செம்மையாய் ஏதோ வழிந்து உறைந்திருந்தது. மாணவி ஒருவர் குருதி என்று அஞ்சினார். ஊர்தி ஓட்டிவந்தவர் அப்பகுதிப் பழங்குடியைச் சேர்ந்தவர். “வேங்கை மரம், வெட்டினா இப்படித்தான் ரத்தம் மாதிரி பால் வரும்” என்றார்.

வேங்கை! குறிஞ்சிப் பாடல்களில் அதன் பொன்னிறப் பூக்கள் பாறைமேல் உதிர்ந்து கிடப்பதைப் புலிக்கு ஒப்பிடுவர். பூத்த மரத்தைப் புலியென மயங்கி யானை சினந்து தாக்குவதையும் பாடுவர். மரத்துக்கும் புலிக்கும் ஒரே பெயர் வந்ததன் பொருத்தத்தை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். மரத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். பூக்கும் பருவமன்று, இலை மட்டுமே இருந்தது. மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சென்று பட்டையைத் தொட்டுப் பார்த்தனர். நாமும் தொட்டோம்.

“பூக்கிற சமயத்தில் வந்தால் காட்டுவீர்களா?” என்று அந்த மாணவி ஓட்டுநரிடம் கேட்டார்.

“நான் இங்கேதாம்மா இருப்பேன். நீங்க வரணும்” என்றார் அவர்.