கேடயத்தை முகத்துக்கு நேரா தூக்காதீங்க!

இந்த வருஷக் கலைவிழாவில் ஒரு நடுகல் காட்சியை நடித்துக் காட்டுறதா நாங்க நாலு பேர் ஒத்துக்கிட்டோம். ஊர் மாட்டை ஓட்டிப் போறவங்களை ஒருத்தன் மறிக்கிறான், சண்டையில் செத்துப்போறான், அவனுக்குக் கல் நடுறாங்க. நம்ம கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம், தண்டராம்பட்டு பக்கம் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறைய உண்டு. தொல்லியல் துறை 1972-லயே ‘செங்கம் நடுகற்கள்’னு புத்தகம் போட்டிருக்கு. பல கல்லில் வீரனோட வலது கையில் வாள், இடது கையில் வில்லோ கேடயமோ இருக்கும்.

எட்டாவதுல இருந்தே சிலம்பம் சுத்துறேன். அதனால கேடயம்தானே, பிடிச்சுக்கிட்டு நின்னா போதும்னு நினைச்சேன். கள்ளக்குறிச்சியில் எங்க ஆசான் முதல் நாள் பிரம்பை ஓங்கினதும் கேடயத்தை அப்படியே முகத்துக்கு நேரா தூக்கினேன். அடி தொடையில் விழுந்துச்சு. “பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுருமா தம்பி?”ன்னார். எதிராளியோட தோளும் காலும் எப்பவும் தெரியணும். கேடயத்தோட மேல் விளிம்பு கண்ணுக்குக் கீழே நிக்கணும்.

அடுத்தது, “கையை நீட்டு”ன்னார். எனக்குப் புரியல. ஹாஸ்டல் வந்து பேப்பர்ல போட்டுப் பார்த்தேன். எல்லாம் பத்தாங்கிளாஸ் வடிவொத்த முக்கோணம்தான்! எதிராளியோட கை என் உடம்பிலிருந்து 120 செ.மீ. தூரத்தில் இருக்குன்னு வைங்க. கேடயத்தோட விட்டம் 45 செ.மீ. அதை நெஞ்சுக்கு 20 செ.மீ. முன்னால பிடிச்சா உடம்பில் 54 செ.மீ. அகலம் மறையும். 60 செ.மீ. முன்னால நீட்டினா 90 செ.மீ. மறையும். டார்ச்சுக்கு முன்னால உள்ளங்கையைக் காட்டினா சுவரில் நிழல் பெருசாகுதே, அதே கதை.

ஆனா சும்மா கிடைக்காது. ப்ளைவுட்டை வட்டமா வெட்டி, விளிம்புக்குப் பழைய சைக்கிள் ட்யூப் ஒட்டி நாங்க செஞ்ச கேடயம் ஒன்றரை கிலோ. 20-ல இருந்து 60-க்கு நீட்டும்போது தோளில் விழுற டார்க் மூணு மடங்கு. முதல் வாரம் ஒரு நிமிஷம்கூடத் தாங்கல. முட்டியை லேசா மடக்கி, அடி வர்ற நேரம் மட்டும் நீட்டணும். இது கைக்கு வர ஒரு மாசம் ஆச்சு.

கைப்பிடி விஷயமும் முக்கியம். கிரேக்கர்களோட பெரிய கேடயத்தில் முன்கையை ஒரு வளையத்துக்குள்ள நுழைப்பாங்க. நம்ம நாட்டு வட்டக் கேடயத்தில் நடுவில் ரெண்டு பிடி, ரெண்டையும் சேர்த்து ஒரே முஷ்டியில் பிடிக்கணும். வெளியே தெரியுற நாலு குமிழும் அழகுக்கு மட்டுமில்ல, அந்தப் பிடிகளைக் கட்டி நிறுத்துறதும் அதுதான். இப்படிப் பிடிச்சா மணிக்கட்டு நல்லா சுழலும். ஆனா விளிம்பில் அடி பட்டா கேடயமே திரும்பிடும். அதனால அடியை நடுவில் வாங்கணும், இல்லைன்னா சாய்ச்சு வழுக்கி விடணும்.

அதிகமா அடி வாங்குறது தலை இல்லை, வாள் பிடிச்ச விரல்கள். என் நண்பனுக்குக் கட்டைவிரல் வீங்கி ஒரு வாரம் லேப் ரெக்கார்டு நான்தான் எழுதினேன். இங்கிலாந்தில் லீட்ஸ் ஆயுத அருங்காட்சியகத்தில் ஐ.33-ன்னு ஒரு சுவடி இருக்கு. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம், ஐரோப்பாவில் கிடைச்ச வாள்பயிற்சி நூல்களிலேயே பழசு. அதில் ஒரு பாதிரியார் மாணவனுக்குச் சொல்லித் தர்றார். படத்துக்குப் படம் சின்னக் கேடயம் வாள் பிடிச்ச கையை ஒட்டியே போகுது. எங்க ஆசான் அதைப் பார்த்ததே கிடையாது, ஆனா அவர் சொன்னதும் அதேதான்: “ரெண்டு கையும் அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணா போகணும்.”

நடுகல்லில் மட்டும் கேடயம் தனியா பக்கவாட்டில் விரிஞ்சு இருக்கும். அதைப் பார்த்து அப்படியே நிக்காதீங்க. சிற்பி கேடயத்தை முன்னால செதுக்கினா வீரன் மறைஞ்சுடுவானே!

இப்போ மிச்சம் இருக்கிறது கடைசிக் காட்சி. நாயகன் நான்தான், சாகணும். கேடயத்தோட விழுந்தா மணிக்கட்டு முறுக்கிக்கும், அதனால முதல்ல பிடியை விடணும், அப்புறம் விழணும். உடம்பு இன்னும் அதை மாத்தித்தான் செய்யுது. விழாவுக்கு இன்னும் ரெண்டு வாரம். தினமும் சாயங்காலம் கிரவுண்ட் மணல்ல விழுந்துக்கிட்டு இருக்கேன்.