பொக்ஸ்குளோவ்: விதை போட்டு வளர்க்கலாம், கறிக்குப் பிடுங்கக்கூடாது

பிரித்தானியாவில் உங்களுக்குக் கிடைத்த வீட்டில் சின்னதாக ஒரு பின்வளவு இருந்தால், ஏதாவது நடவேணும் என்ற எண்ணம் தானாக வரும். செலவு குறைவாக, இந்த நாட்டுக் குளிரையும் தாங்கி வளரக்கூடிய ஒரு பூச்செடியைப் பற்றி இந்தப் பாடத்தில் பார்ப்போம். அதன் பெயர் பொக்ஸ்குளோவ். நரியின் கையுறை என்று அர்த்தம். பூ ஒவ்வொன்றும் விரலில் மாட்டுகிற உறை போல, மணி போலத் தொங்கும். ஊதா நிறம்தான் அதிகம். வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களிலும் உண்டு.

இது இந்த நாட்டுக்கே உரிய செடி. காட்டோரத்திலும் தெருவோரத்திலும் தானாக முளைக்கும். உங்களுக்கு முன்னர் இருந்தவர்கள் நட்டது உங்கள் வளவில் இப்பவே நிற்கவும் கூடும். அதனால், வளர்க்க விருப்பம் இல்லாதவர்களும் அடுத்த பகுதியைக் கட்டாயம் வாசியுங்கோ.

முதலில் தெரிய வேண்டியது

பொக்ஸ்குளோவ் செடியின் இலை, பூ, தண்டு, விதை எல்லாமே விஷம். ஊரில் வேலியோரம் நிற்கும் அலரியை யாரும் வாயில் வைப்பதில்லை. அலரியில் இருப்பதும் இதில் இருப்பதும் ஒரே வகை விஷம்தான், இரண்டும் இருதயத் துடிப்பைக் குழப்பும். அலரி விஷம் என்று எங்கட சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொக்ஸ்குளோவை எங்களுக்குத் தெரியாது. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

இது இரண்டு வருடச் செடி. முதல் வருடம் பூக்காது. நிலத்தோடு ஒட்டி, வட்டமாக, மெல்லிய மயிர் உள்ள பச்சை இலைகள் மட்டும் விடும். பூ இல்லாத அந்த வருடத்தில் பார்த்தால் கீரை மாதிரியே இருக்கும். வறை சுண்டலாம் போலத் தோன்றும். கொம்ஃபிரி என்ற இன்னொரு செடியின் இலை என்று நினைத்து, இந்த நாட்டவர்களே ஏமாந்து சாப்பிட்டு நோயாளியான சம்பவங்கள் உண்டு. அவித்தாலும் காயவைத்தாலும் விஷம் போகாது.

ஆகவே, பெயர் தெரியாத இலையை வளவிலோ பார்க்கிலோ பிடுங்கிச் சமைக்காதேங்கோ. சந்தேகம் என்றால் சாப்பிடாமல் விடுவதுதான் பாதுகாப்பு.

"இருதயத்துக்கு நல்ல மூலிகையாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதேங்கோ. வில்லியம் விதரிங் என்ற வைத்தியர் இந்தச் செடியின் மருத்துவப் பயனைப் பற்றி 1785 இல் ஒரு நூல் எழுதினார் என்பது உண்மை. டிகொக்சின் என்ற இருதய மருந்து இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியிலிருந்து எடுக்கப்படுவதும் உண்மை. ஆனால் அந்த மருந்தில் குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது. வீட்டில் கசாயம் வைக்கிற விஷயமில்லை.

விதை வாங்குதல்

பூந்தோட்டக் கடைகளிலும் பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளிலும் விதைப் பக்கற் கிடைக்கும். பக்கத்து வீட்டில் இந்தச் செடி இருந்தால், ஆடி, ஆவணி அளவில் காய்ந்த விதை கொஞ்சம் கேட்டு வாங்கலாம். காட்டில் நிற்கிற செடியை வேரோடு பிடுங்கிக் கொண்டு வரக்கூடாது. காணிச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் காட்டுச் செடியை வேரோடு பிடுங்குவது 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பக்கற்றில் இருக்கும் சில ஆங்கிலச் சொற்கள்:

சோ - விதைத்தல்
பயெனியல் - இரண்டு வருடச் செடி
ஹார்டி - குளிர் தாங்கும்
பார்ட் ஷேட் - அரை நிழல்
ஹாம்ஃபுல் இஃப் ஈற்றன் - சாப்பிட்டால் தீங்கு

விதைக்கும் முறை

1. காலம்: மே முதல் ஜூலை வரை.

2. பாத்திரம்: யோகட் அல்லது ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் டப்பா போதும். அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கோ. தண்ணீர் தேங்கினால் நாற்று அழுகிவிடும்.

3. மண்: விதைப்புக்கான கொம்போஸ்ட் என்று கேட்டு வாங்குங்கோ. டப்பாவில் நிரப்பி, மெதுவாக அழுத்தி, முதலே தண்ணீர் விட்டு வடியவிடுங்கோ.

4. விதைத்தல்: விதை தூள் மாதிரி இருக்கும். கொஞ்சம் காய்ந்த மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மேலே மண் போட்டு மூடவே கூடாது. இந்த விதை முளைக்க வெளிச்சம் வேணும். மிளகாய் விதை போல நினைத்துப் புதைத்தால் முளைக்காமல் போய்விடும்.

5. மூடுதல்: கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையால் டப்பாவை மூடி, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கோ. 2 முதல் 4 கிழமைக்குள் முளைக்கும். முளைத்ததும் பையை எடுத்துவிடுங்கோ. மேலே இருந்து தண்ணீர் ஊற்றினால் நாற்று சாய்ந்துவிடும். டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் போதும்.

6. பிரித்து நடுதல்: முதல் வரும் இரண்டு சிறு இலைக்குப் பிறகு உண்மையான இலைகள் வந்ததும், ஒவ்வொன்றாக 9 செ.மீ. சாடியில் நடுங்கோ. தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்கவேணும்.

7. நிலத்தில் நடுதல்: செப்டெம்பர், ஒக்டோபரில் 45 செ.மீ. இடைவெளி விட்டு நடலாம். அரை நிழல் நல்லது. ஈரம் நிற்கவேணும், ஆனால் சேறாக இருக்கக்கூடாது. பசளை அதிகம் தேவையில்லை.

குளிர்காலத்தில் செடி வளராமல் அப்படியே கிடக்கும். செத்துப்போச்சு என்று பிடுங்கி எறியாதேங்கோ. பனிக்கும் உறைபனிக்கும் தாக்குப்பிடிக்கும். அடுத்த வருடம் மே, ஜூனில் நடுத்தண்டு ஒன்று ஆளுயரத்துக்கு எழும்பும். பூக்கள் கீழிருந்து மேலாக விரியும். தேன் குடிக்கப் பெரிய வண்டுத்தேனீக்கள் பூவுக்குள் முழுதாக நுழைந்து வெளியே வரும். பிள்ளைகள் பார்க்கட்டும், தொடவேண்டாம்.

காய்கள் மண்ணிறமானதும் கடதாசிப் பையில் உதிர்த்து, பெயரும் விஷம் என்பதும் எழுதி உயரத்தில் வையுங்கோ. விதை விட்ட பின் செடி பெரும்பாலும் செத்துப்போகும். இரண்டு வருடம் தொடர்ந்து விதைத்தால், பிறகு ஒவ்வொரு வருடமும் பூ பார்க்கலாம்.

கவனிக்க வேண்டியவை

- கொத்தமல்லி, கீரை, வெந்தயம் நடும் பாத்தியில் இதை நடவேண்டாம்.
- செடியைத் தொட்டால் கை கழுவுங்கோ. கையுறை போடுவது இன்னும் நல்லது.
- பூவை வெட்டி வைத்த சாடித் தண்ணீரும் ஆபத்து. பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கோ.
- தவழும் பிள்ளை வீட்டில் இருந்தால், பிள்ளை வளரும்வரை இந்தச் செடி வேண்டாம்.

யாராவது சாப்பிட்டுவிட்டால்

சத்தி, வயிற்றோட்டம், தலைசுற்று, பார்வை மஞ்சளாகத் தெரிதல், இருதயம் தாறுமாறாக அடித்தல் ஆகியவை அறிகுறிகள். அவை வரும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 999 க்கு அழையுங்கோ. "அம்புலன்ஸ் ப்ளீஸ், பொக்ஸ்குளோவ், பொய்சன்" என்ற இவ்வளவும் போதும். "ரமில் இன்ரபிரெற்றர் ப்ளீஸ்" என்றும் கேட்கலாம். வலிந்து சத்தி எடுக்கவைக்காதேங்கோ. சாப்பிட்ட இலையில் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கோ. அகதி விண்ணப்பம் செய்தவர்களுக்கு அவசர சிகிச்சைக்குக் காசு கிடையாது. பயத்தில் தாமதிக்க வேண்டாம்.

அனுமதியும் இடமாற்றமும்

நிலத்தைக் கொத்துவதற்கு முன், வீட்டைப் பராமரிக்கும் நிறுவனத்தின் அதிகாரியிடம் கேளுங்கோ. உங்கட வளவில் பூ வளர்ப்பது வேலை செய்வதாகாது. ஆனால் வேலை அனுமதி இல்லாதவர்கள், மற்றவர் தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்யக்கூடாது. தொண்டு நிறுவனத் தோட்டங்களில் சம்பளமில்லாமல் தொண்டு செய்ய அனுமதி உண்டு.

விதைத்து பூப்பதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதற்குள் உங்களை வேறு ஊருக்கு மாற்றக்கூடும். நிச்சயம் இல்லாதவர்கள், நிலத்தில் நடாமல் 30 செ.மீ. சாடியில் நட்டால் தூக்கிக்கொண்டு போகலாம். கொண்டு போக முடியாவிட்டால், ஒரு மட்டையில் செடியின் பெயரையும் "விஷம், சாப்பிட வேண்டாம்" என்பதையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பக்கத்தில் குத்திவிட்டுப் போங்கோ. உங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரப்போகிறவர்களும் கீரை தேடுகிறவர்களாகவே இருக்கலாம்.