ஒருவரா, பலரா? ஆங்கிலப் படிவங்களில் வினைச்சொல்லைச் சரியாக எழுதுவோம்

மீளக்குடியமர்ந்த பின்னர் வீட்டுத்திட்டம், வாழ்வாதார உதவி, காணாமற்போன உறவினர் பற்றிய பதிவு எனப் பல தேவைகளுக்காகப் படிவங்களை நிரப்ப வேண்டியுள்ளது. முதலில் ஒன்றை நினைவிற்கொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் இலங்கையின் அரச கரும மொழியாகும். ஆங்கிலம் இணைப்பு மொழி. வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழியாகவும் உள்ளது. எனவே கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் தமிழிலேயே எழுத உங்களுக்கு உரிமை உண்டு.

ஆயினும் வெளிநாட்டு நிறுவனங்களின் அலுவலர்களுடன் ஆங்கிலத்தில் பேசவோ எழுதவோ நேரிடலாம். அப்போது ஒரு சிறிய வினைச்சொல், காணாமற்போனவர் ஒருவரா இருவரா என்ற குழப்பத்தை உண்டாக்கிவிடும். இப்பாடம் அதைத் தவிர்க்க உதவும். ஆங்கில வசனங்களை எல்லோரும் வாசிக்கக்கூடியதாகத் தமிழ் எழுத்தில் தந்துள்ளோம்.

1. எமக்கு ஏன் இது சிக்கலாக உள்ளது?

தமிழில் “மூன்று மாடு நிற்குது” என்கிறோம். மாடு மூன்றானாலும் “மாடு”, “நிற்குது” இரண்டும் ஒருமையிலேயே நிற்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டும் மாற வேண்டும்: “த்ரீ கௌஸ் ஆர் ஹியர்”.

அடுத்தது மரியாதை. “அப்பா வருகிறார்” என்று ஒருவரைப் பற்றியே மரியாதையாகச் சொல்கிறோம். ஆங்கில வினைச்சொல்லில் இந்த மரியாதை இல்லை. அப்பாவோ, அதிபரோ, அரசாங்க அதிபரோ, ஒருவர் என்றால் “இஸ்” தான்: “மை ஃபாதர் இஸ் சிக்”. இது மரியாதைக் குறைவு அல்ல.

2. நினைவில் வைக்கவேண்டிய மூன்று சோடிகள்

ஒருவர் அல்லது ஒன்று: இஸ், வொஸ், ஹாஸ்
பலர் அல்லது பல: ஆர், வேர், ஹாவ்

“மை ஹவுஸ் வொஸ் டமேஜ்ட்” – என் வீடு சேதமடைந்தது.
“அவர் ஹவுசஸ் வேர் டமேஜ்ட்” – எங்கள் வீடுகள் சேதமடைந்தன.

“ஐ” (நான்) தனி வழியில் போகும்: ஐ ஆம், ஐ வொஸ், ஐ ஹாவ். “யூ” எப்போதும் பன்மை வினையையே எடுக்கும்: யூ ஆர், யூ வேர், யூ ஹாவ். ஒருவரிடம் பேசினாலும் இதுதான். நாம் ஒருவரையே “நீங்கள்” என்று அழைப்பதைப் போல எண்ணிக்கொள்ளுங்கள்.

3. ஒரு “எஸ்” போதும்

நிகழ்காலத்தில் பெயருக்கு “எஸ்” இருந்தால் பெரும்பாலும் வினைக்கு இராது. பெயருக்கு இல்லாவிட்டால் வினைக்கு வரும்.

“மை சன் லிவ்ஸ் இன் கிளிநொச்சி” – ஒரு மகன்.
“மை சன்ஸ் லிவ் இன் கிளிநொச்சி” – ஒன்றுக்கு மேற்பட்ட மகன்கள்.

சில்ட்ரன் (பிள்ளைகள்), பீப்பிள் (மக்கள்), மென் (ஆண்கள்), விமென் (பெண்கள்) ஆகியவை இறுதியில் “எஸ்” இல்லாமலே பன்மை: “மை சில்ட்ரன் ஆர் அட் ஸ்கூல்”.

4. மிகக் கவனமாக எழுதவேண்டிய இடம்

“வன் ஒஃப் மை சன்ஸ் இஸ் மிஸ்ஸிங்” – என் மகன்களில் ஒருவரைக் காணவில்லை.

இங்கே “சன்ஸ்” என்பதைப் பார்த்து “ஆர்” எழுத வேண்டாம். காணாமற்போனவர் ஒருவர். வினைச்சொல் “வன்” என்பதையே பின்பற்றும். இருவர் என்றால்:

“டூ ஒஃப் மை சன்ஸ் ஆர் மிஸ்ஸிங்”.

மகனும் மகளும் என்றால் “அண்ட்” இருவரையும் சேர்க்கும். ஆகவே பன்மை: “மை சன் அண்ட் மை டோட்டர் ஆர் மிஸ்ஸிங்”.

இத்தகைய பதிவுகளில் வசனத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். எண்ணிக்கையை இலக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொருவரின் முழுப்பெயரையும் பிறந்த திகதியையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

5. பொருட்கள், பணம், கால்நடை

அரிசி, தண்ணீர், பணம், தளபாடம் போன்றவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் ஒருமை: “தி ரைஸ் இஸ் வெட்”. மூட்டையாக எண்ணினால் பன்மை: “டூ பாக்ஸ் ஒஃப் ரைஸ் ஆர் வெட்”.

ஒரு தொகைப் பணம் முழுவதும் ஒன்றாகவே கொள்ளப்படும்: “டென் தௌசண்ட் ரூபீஸ் இஸ் நொட் இனஃப்”.

“கேட்டில்” (மாடுகள்), “பொலிஸ்” இரண்டும் பன்மை: “அவர் கேட்டில் ஆர் லொஸ்ட்”. “ஷீப்” (செம்மறியாடு) ஒன்றானாலும் பலவானாலும் அதே சொல்தான். “மை ஷீப் வொஸ் லொஸ்ட்” என்றால் ஒன்று, “மை ஷீப் வேர் லொஸ்ட்” என்றால் பல. இங்கே வினைச்சொல் மட்டுமே எண்ணிக்கையைச் சொல்கிறது. இழப்பு விபரம் எழுதும்போது இதனை மறக்க வேண்டாம்.

“இருக்கிறது” என்று சொல்ல: “தேர் இஸ் வன் வெல்” – ஒரு கிணறு. “தேர் ஆர் டூ வெல்ஸ்” – இரண்டு கிணறுகள்.

கவனம்: மிதிவெடி ஒன்றைக் கண்டால் மொழியைப் பற்றி யோசிக்க வேண்டாம். தொடாமல், கிட்டப் போகாமல், கிராம அலுவலருக்கோ மிதிவெடி அகற்றும் குழுவினருக்கோ உடனே தமிழில் அறிவியுங்கள். ஒன்று தெரிந்த இடத்தில் தெரியாமல் பல இருக்கலாம்.

6. பயிற்சி

பொருத்தமான சொல்லைத் தெரிவுசெய்க.

அ. மை மதர் (இஸ் / ஆர்) எ விடோ.
ஆ. அவர் டொக்கியுமென்ட்ஸ் (வொஸ் / வேர்) லொஸ்ட்.
இ. வன் ஒஃப் மை டோட்டர்ஸ் (ஹாஸ் / ஹாவ்) அன் இஞ்சரி.
ஈ. தி வோட்டர் (இஸ் / ஆர்) நொட் குட்.
உ. மை ஹஸ்பண்ட் அண்ட் மை சன் (வொஸ் / வேர்) ஃபிஷர்மென்.

விடைகள்: அ. இஸ், ஆ. வேர், இ. ஹாஸ், ஈ. இஸ், உ. வேர்.

வீட்டில் பாடசாலை செல்லும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுடன் சேர்ந்து செய்து பாருங்கள். உங்கள் குடும்பத்தின் உண்மையான விபரங்களை வைத்து ஐந்து வசனங்கள் எழுதிப் பழகுங்கள். படிவம் நிரப்பும் நாளில் அவையே கைகொடுக்கும்.

கையொப்பமிடும் முன், உங்கள் பெயரில் எழுதப்பட்ட ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். விளங்காத படிவத்தில் கையொப்பமிட வேண்டாம்.