ஆரஞ்சு விளக்கு எரிந்தால்

வீட்டு சர்வரில் நான்கு டிஸ்க், ரெய்டு 5. இடியோடு கரன்ட் போய் வந்ததிலிருந்து 'டிகிரேடட்' என்று காட்டுகிறது. குடும்பப் படங்களெல்லாம் போச்சா?
– வாசகர், கிளியூர், ஏற்காடு

போகவில்லை. ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும்; இரண்டாவதும் போனால்தான் ஆபத்து. அதனால் ரிப்பேருக்கு முன் நகல்: படங்களை இன்றே வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள்.

பிறகு 'ஸ்மார்ட்' அறிக்கையைத் திறங்கள். சி.ஆர்.சி. பிழை மட்டும் கூடியிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறுதான்; சர்வரை அணைத்து, கேபிளைக் கழற்றிச் செருகிப் பாருங்கள். 'ரீஅலோகேட்டட்', 'பெண்டிங்' எண்கள் ஏறியிருந்தால் டிஸ்க்கையே மாற்ற வேண்டும். உருவும் முன் சீரியல் எண்ணை இருமுறை பாருங்கள். நல்ல டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு அழுபவர்கள் உண்டு! புதியது அதே அளவிலோ பெரிதாகவோ, 'சி.எம்.ஆர்.' வகையில் இருக்கட்டும். புதிய டிஸ்க்கில் தகவலை மீண்டும் நிரப்பும் 'ரீபில்ட்' சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஓடும். உங்கள் மலை மின்சாரத்தை நம்பி யு.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள். 'இனிஷியலைஸ்' பட்டன் பக்கமே போக வேண்டாம்.