செயற்கைக்கோள் தட்டும் வீட்டுத் தொலைக்காட்சியும்

1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், நம் நாட்டின் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியே உழவு, நலவாழ்வு, கல்வி பற்றிய காட்சிகள் காட்டப்பெற்றன. அன்று பத்தடி அகலக் கம்பிவலைத் தட்டு வேண்டியிருந்தது. இன்று இரண்டடித் தட்டே போதும். தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் தொடங்கிய, இப்போது 'ஃப்ரீ டிஷ்' எனப்படும் சேவைக்கு மாதக் கட்டணமும் இல்லை. ஆயினும், சிறு பழுதுக்கும் ஆள் தேடி நகரத்துக்குச் செல்வோர் பலர். ஆதலின் இணைப்பு முறையை நாமே அறிந்துகொள்ளல் நன்று.

இச்சேவைக்கான செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 பாகை கிழக்கில் நிற்கிறது. புவி சுழலும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால் ஓரிடத்தில் நிற்பதாகத் தோன்றும். புதுக்கோட்டையிலிருந்து நோக்கின், அது அக்கினி மூலைக்குப் பத்துப் பாகை கிழக்கே, 69 பாகை உயரத்தில் உள்ளது. தட்டைத் தாங்கும் பிடியிலுள்ள அளவுக் கோட்டின்படி சாய்வை அமைத்தல் வேண்டும். ஆலங்குடி, கீரமங்கலம் பகுதித் தோப்புக்காரர்கள் ஒன்றை நினைவிற்கொள்க: தட்டைவிட 26 அடி உயர்ந்த தென்னை, அத்திசையில் பத்தடிக்குள் இருப்பின் மறைக்கும்.

தட்டின் முன்னுள்ள எல்.என்.பி. அலைகளை வாங்கிக் கேபிள் வழியே செட்டாப் பாக்ஸுக்கு அனுப்புகிறது. அதே கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் மேலே செல்லும். எனவே மின்இணைப்பை நிறுத்திய பின்னரே கேபிளை முடுக்குக. நடுச் செப்புக் கம்பியும் மேல் வலைக் கம்பியும் ஒன்றையொன்று தொடலாகாது. மழைநீர் உட்புகாவண்ணம், கேபிள் வீட்டினுள் நுழையுமுன் சற்றுத் தொங்கி வளையவேண்டும்.

புதிய தொலைக்காட்சிக்கு எச்.டி.எம்.ஐ. கம்பி ஒன்றே போதும். அரசு முன்னர் வழங்கிய வண்ணப் பெட்டி போன்ற பழையவற்றில் மஞ்சள் காட்சிக்கும், வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கும் உரியவை. இரு துளைகளே இருப்பின் மஞ்சளையும் வெள்ளையையும் செருகுக. பின்னர் ரிமோட்டில் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி உரிய வழியைத் தெரிக.

படம் வரவில்லையெனின், முதலில் செட்டாப் பாக்ஸின் பட்டியல் திரையில் தோன்றுகிறதா எனக் காண்க. தோன்றின், தொலைக்காட்சிக் கம்பி சரியே. பழுது தட்டிலோ கேபிளிலோ உள்ளது. தோன்றாவிடின், பழுது செட்டாப் பாக்ஸுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே தேடற்பாலது. தட்டைத் திருப்பும்போது, திரையிலுள்ள 'குவாலிட்டி' அளவு உயர்கின்றதா என ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் விரலளவாக நகர்த்துக.

மின்கம்பிக்கு அருகில் தட்டை நிறுவற்க. இடி இடிக்கத் தொடங்குமுன்னரே கேபிளையும் மின்இணைப்பையும் கழற்றிவிடுக.

2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயல் நம் மாவட்டத்துத் தென்னைகளை வீழ்த்தியதை யாரும் மறந்திரார். கனமழையில் இந்த அலைகள் நலியும், மின்சாரமும் நின்றுபோகும். ஆகவே புயற்செய்தியை மழை வலுக்குமுன் தொலைக்காட்சியில் கேட்டறிந்து, அதன் பின் மின்கல வானொலியைத் துணைகொள்வதே அறிவுடைமை. ஊராட்சி உறுப்பினர்கள், ஊருக்கு இரண்டு இளைஞரையேனும் இவ்வேலையில் பழக்கி, ஐப்பசி பிறக்குமுன் ஊராட்சிக் கட்டடத்துத் தட்டைச் சரிபார்த்து வைப்பார்களாக.