நடுகல்லும் கல்குவாரியும்

மண்ணகத்தே மறைந்து கிடக்கும் செல்வங்களை அகழ்ந்தெடுத்துப் பயன்கொள்ளுதல் மாந்தரின் பழந்தொழில்களுள் ஒன்று. நிலக்கரியாயினும் இரும்பாயினும் கருங்கல்லாயினும், அதனை எடுக்குமிடத்து இருவகைப் பொருள்கள் ஊறுபடக்கூடும். ஒன்று, அந்நிலத்தின் நீரும் காற்றும் மண்ணும். மற்றொன்று, முன்னோர் அங்கு விட்டுச் சென்ற நினைவுச் சின்னங்கள். கெட்ட மண்ணைப் பெருமுயற்சியால் ஓரளவு திருத்தலாம். உடைந்து சிதறிய கல்வெட்டை மீண்டும் ஆக்குதல் எவர்க்கும் இயலாது. இவ்வுண்மையை நன்கு உணர்த்தும் நிலம் தருமபுரியாகும்.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். ஔவையாரைப் போற்றிய அதியமான் நெடுமான் அஞ்சி வாழ்ந்த ஊர் அது. 1965-இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004-இல் அதினின்றும் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. இப்பகுதியின் பாறைகள் மிகத் தொன்மையானவை. அவற்றுள் பல ஏறத்தாழ 250 கோடி ஆண்டு அகவை உடையவை. அறுத்து மெருகேற்றினால் கண்ணாடிபோல் ஒளிரும் இக்கற்கள் கடல் கடந்தும் விலைபோகின்றன. மழை குறைந்த இந்நிலத்தில் கல்தொழில் பலர்க்குச் சோறளிக்கின்றது.

இதே கல்லில்தான் இந்நிலத்தின் வரலாறும் எழுதப்பட்டுள்ளது. ஆநிரைகளைக் கவர வந்தோரை எதிர்த்து உயிர்நீத்த வீரர்க்குப் பண்டைத் தமிழர் நடுகல் எடுத்தனர். தக்க கல்லைத் தேர்ந்து, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் கூறுகின்றது. தருமபுரியிலும் அதனை அடுத்த செங்கத்திலும் இத்தகைய கற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் பல வட்டெழுத்துப் பொறிக்கப்பெற்றவை. செங்கம் பகுதியில் எடுத்தனூரில் உள்ள கல் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. அது வீரன் ஒருவனோடு, கோவிவன் என்னும் அவனுடைய நாயையும் நினைவுகூர்கின்றது. அரசரைப் பாடும் கல்வெட்டுகள் பல உள. ஊர்மாட்டைக் காத்த எளியோனையும் அவன் நாயையும் பெயர் சொல்லிப் போற்றுவன நடுகற்களே.

இனி, கல்குவாரி இயங்கும் முறையைக் காண்போம். முதற்கண் மேல்மண் அகற்றப்படும். பின்னர்ப் பாறையில் துளையிட்டு, வெடிவைத்தும் கம்பி இரம்பத்தால் அறுத்தும் கல்லைப் பிரிப்பர். அதனால் எழும் தூசி பயிர்மீது படியும். உழைப்போர் நுரையீரலையும் கெடுக்கும். வெடியின் அதிர்வு நிலத்தின் வழியே பரவி அண்மையிலுள்ள சுவர்களை விரிசலுறச் செய்யும். குறையுடைய கற்கள் மலைபோல் குவியும். மழைநீர் அக்குவியல்களை அரித்து ஏரியிற் சேர்த்தால் ஏரி தூரும்.

இவற்றைத் தடுக்கும் வழிகள் உள. துளையிடுகையில் நீர் தெளித்தால் தூசி அடங்கும். அகற்றிய மேல்மண்ணைத் தனியே காத்து வைத்தால், பணி முடிந்தபின் அதன்மேல் மரம் வளர்க்கலாம். குவாரியைச் சுற்றி வடிகால் வெட்டி, நீரைத் தெளிகுட்டையில் தேக்கி, வண்டல் படிந்தபின் வெளிவிடலாம். கைவிடப்பட்ட ஆழ்குழிகளுக்கு வேலியிடல் இன்றியமையாதது. 2012-இல் உச்சநீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் இசைவு வேண்டும் என ஆணையிட்டது.

நினைவுச் சின்னங்களைக் காக்கவும் சட்டங்கள் உள. நடுவண் அரசின் சட்டம் 1958-ஆம் ஆண்டினது; மாநில அரசின் சட்டம் 1966-ஆம் ஆண்டினது. நடுவண் அரசு காக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை சுரங்கத்தொழிலுக்குத் தடையுண்டு. அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. எனினும், பாதுகாக்கப்பட்டதென அறிவிக்கப்பட்ட சின்னத்திற்கே இக்காப்பு உரியது. நடுகற்கள் பலவும் வயல்வரப்பிலும் புதரிடையிலும் எப்பட்டியலிலும் இடம்பெறாது நிற்கின்றன. அவற்றைச் சட்டம் அறியாது, ஊரார் அறிவர். பல ஊர்களில் மக்கள் அவற்றை வேடியப்பன் என வணங்கி வருகின்றனர். எழுத்தைப் படிக்க இயலாதோரும் வழிபாட்டால் அக்கற்களை இந்நாள்வரை காத்துள்ளனர்.

இசைவு பெற்றதனால் மட்டும் கடமை முடிந்துவிடாது என்பதற்கு ஆத்திரேலியாவில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். அந்நாட்டின் மேற்கே ஜூகான் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டுகட்கு முன்னரே மக்கள் தங்கிய பாறைக்குகைகள் இருந்தன. 2013-இல் சட்டப்படி பெற்ற இசைவைக் கொண்டு, 2020 மே மாதம் இரும்புத்தாதுச் சுரங்கத்திற்காக அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. இசைவு வழங்கிய பின்னரே அகழாய்வில் அவற்றின் முழுப்பெருமை புலனாயிற்று. தொல்குடி மக்களின் துயரமும் உலகின் கண்டனமும் எழுந்தன. நிறுவனத் தலைவர் பதவி துறந்தார். குகைகளோ திரும்பவில்லை.

ஆதலின், முதல் வெடி வைப்பதற்கு முன்னரே நிலத்தை ஆராய்தல் வேண்டும். தொல்லியல் அறிந்தோர் ஊர்ப்பெரியோரை உடன்கொண்டு நடந்து, ஒவ்வொரு கல்லையும் படமெடுத்து, எழுத்தை மைப்படி எடுத்து, அதன் இடத்தை வரைபடத்திற் குறித்தல் வேண்டும். பணியின் நடுவே பழம்பொருள் எதிர்ப்பட்டால், அக்கணமே வேலையை நிறுத்தி அரசுக்கு அறிவித்தல் வேண்டும். கல்லைப் பெயர்த்து அருங்காட்சியகத்திற் சேர்த்தல் வேறு வழியில்லாதபோது செய்யத்தக்கது. ஏனெனில், வீரன் வீழ்ந்த நிலத்தினின்று பிரிந்த நடுகல் தன் கதையிற் பாதியை இழந்துவிடுகின்றது.

கல் உடைப்போனும் வாழவேண்டும்; கல்லில் நிற்போனும் வாழவேண்டும். வேறொரு பாறையை அறுத்துப் பிழைத்தல் கூடும். வேறொரு நடுகல்லைப் பெறுதல் கூடாது. தம் ஊர்க் கற்களை அறிந்து, உரியோர்க்கு உணர்த்தும் இளைஞர் உள்ள ஊரில் முன்னோர் புகழ் அழியாது நிற்கும்.

பயிற்சி வினாக்கள்

1. நடுகல் நடும் முறையைத் தொல்காப்பியம் எவ்வாறு கூறுகின்றது?
2. கல்குவாரியால் நேரும் கேடுகள் யாவை? அவற்றைத் தடுக்கும் வழிகளைக் கூறுக.
3. சட்டம் இருந்தும் நடுகற்கள் பல காப்பின்றி நிற்பது ஏன்?
4. உங்கள் ஊரில் உள்ள பழங்கல் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பத்தி எழுதுக.